வீட்டுக்குள் ஒரு சிறு கடல்

கடல் சூழ்ந்த தீவிலே பிறந்து வளர்ந்தும், அக்கடலுக்குள்ளே நிகழ்வது யாதென அறியாமலே நம்மிற் பெரும்பாலோர் வாழ்ந்து முடிக்கின்றோம். வெள்ளவத்தையில் வாழ்வோர் மாலையிற் புகையிரதப் பாதையைக் கடந்து கரைக்குச் சென்று அலையைக் கண்டு திரும்புவர். கொட்டாஞ்சேனையில் வாழ்வோர் துறைமுகத்துக் கப்பல்களையும் பாரந்தூக்கிகளையும் காண்பர். தெமட்டகொடையில் வாழும் எமக்கு இவ்விரண்டும் இல்லை. புகையிரதப் பெட்டிகளின் ஓசையும் பேஸ்லைன் வீதியின் இரைச்சலுமே எமக்கு வாய்த்த அலையோசை. கண்ணுக்கு எட்டும் நீரோ, கறுத்து ஓடும் தெமட்டகொடைக் கால்வாய் ஒன்றேயாம்.

இத்தகைய இடத்து வீடொன்றிலேதான், தெகிவளை மிருகக்காட்சிச்சாலையின் மீன் கூடத்தைக் கண்டு வந்த எமது இளைய மகன், "எங்கட வீட்டிலயும் ஒரு கடல் வைப்பம், அப்பா" என்று கேட்டான். நன்னீர் மீன் தொட்டிகள் எமது அயலிற் பல வீடுகளில் உண்டு. கடல் மீன் வளர்ப்போரோ மிகச் சிலர். "அது பணக்காரர் பொழுதுபோக்கு" என்றார் ஒருவர். "எப்படியும் செத்துப்போகும்" என்றார் மற்றொருவர். இருவர் கூற்றிலும் ஓரளவு உண்மை உண்டு என்பதைப் பின்னர்க் கண்டோம். ஆயினும், கற்றுக்கொண்டு செய்வார்க்கு அத்தொட்டி வீட்டுக்குள் அமைந்த ஒரு விஞ்ஞான கூடமேயாகும். அதனை நாம் கற்ற விதத்தை, எமது தவறுகளையும் மறையாது, இங்கே கூற விரும்புகின்றோம்.

மூன்று மீன்களின் முடிவு

ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று. முதல் நாள் இரவு பெய்த பெருமழை ஓய்ந்திருந்தது. முச்சக்கர வண்டி ஒன்றில் நான்கு கலன்களை ஏற்றிக்கொண்டு வெள்ளவத்தைக்குச் சென்றோம். கால்வாய் கடலோடு கலக்கும் இடத்துக்கு அண்மையில், இறங்குவதற்கு வசதியான கரையிலே நின்று நீர் மொண்டோம். வீடு திரும்பி, இரண்டடி நீளமான தொட்டியை நிரப்பினோம். அன்று மாலையே நகரத்துக் கடையொன்றில் வாங்கிய மூன்று மீன்களை அதில் விட்டோம். செம்மஞ்சள் உடலில் வெண்பட்டை தீட்டிய கோமாளி மீன்கள் இரண்டு. விரற்கடை அளவான நீல மீன் ஒன்று. கடைக்காரரும் ஒன்றும் கூறவில்லை. நாமும் ஒன்றும் கேட்கவில்லை.

பிள்ளைகள் மாறி மாறி உணவு தூவினர். மூன்றாம் நாள் நீர் பால்போல வெளிறியது. நான்காம் நாள் மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஐந்தாம் நாள் விடியலில் மூன்றும் அடியிற் கிடந்தன.

மகன் அழவில்லை. நெடுநேரம் தொட்டியைப் பார்த்துவிட்டு, "கடல் மீனுக்குக் கடல் தண்ணிதானே விட்டனாங்கள், பிறகேன் செத்தது?" என்று மட்டும் கேட்டான். அதற்கு விடை எம்மிடம் இல்லை. அறியாத ஒன்றை அறிந்தவர்போலச் செய்து மூன்று உயிர்களை மாய்த்தோம் என்ற எண்ணமே எம்மைச் சுட்டது. அன்று முதல் ஓராண்டு வரை தொட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நூல்களைப் படித்தும் அறிந்தோரை உசாவியும் அவ்வினாவுக்கு விடை தேடினோம்.

கடல் நீர் என்பது யாது?

கடல் நீரை உப்புக் கரைந்த நீர் என்று எண்ணுவது எளிது. ஒரு கிலோகிராம் கடல் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புக்கள் உள என்பது மெய்யே. ஆனால் அவை நாம் கறிக்கு இடும் உப்பு மட்டும் அல்ல. குளோரைட்டு 19 கிராமுக்குச் சற்று மேல், சோடியம் 11 கிராமுக்குச் சற்றுக் குறைவு, சல்பேற்று 2.7 கிராம், மகனீசியம் 1.3 கிராம், கல்சியமும் பொற்றாசியமும் ஒவ்வொன்றும் 0.4 கிராம் அளவில் அதில் அடங்கியுள்ளன. இவற்றைவிட மிக நுண்ணிய அளவிற் பல பொருள்களும் உண்டு.

1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றி ஆராய்ந்த சலஞ்சர் என்னும் கப்பல் கொணர்ந்த 77 நீர் மாதிரிகளை வில்லியம் டிற்மார் என்னும் இரசாயன அறிஞர் பகுத்து, 1884இல் முடிவை வெளியிட்டார். ஓரிடத்தில் உப்பு மிகுந்தும் ஓரிடத்திற் குறைந்தும் இருப்பினும், பெரிய கூறுகள் தம்முள் கொண்டுள்ள விகிதம் எங்கும் ஏறக்குறைய ஒன்றே என்பதை அவ்வாய்வு உறுதி செய்தது. கடல் உயிர்கள் எண்ணற்ற தலைமுறைகளாக இந்த விகிதத்துக்குப் பழகியவை. நமக்குக் காற்று எப்படியோ, அவற்றுக்கு இந்நீர் அப்படி.

நன்னீர் மீனுக்கும் கடல் மீனுக்கும் உள்ள முதன்மையான வேறுபாடும் இங்கேதான் உள்ளது. கடல் மீனின் உடலில் உள்ள உப்பு, சூழவுள்ள நீரின் உப்பிலும் குறைவு. ஆகவே அதன் உடல் நீரை இடைவிடாது வெளியே இழந்துகொண்டிருக்கும். அவ்விழப்பை ஈடுசெய்ய அது கடல் நீரைக் குடித்தே வாழ்கின்றது. மிகையான உப்பைப் பூக்களின் வழியாக வெளியேற்றுகின்றது. தான் வாழும் நீரையே பருகும் உயிருக்கு அந்நீரின் தூய்மை எத்துணை இன்றியமையாதது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

முன்னோர் செய்த முயற்சி

வீட்டிலே கடலுயிர்களை வளர்க்கும் முயற்சி இற்றைக்கு ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்கு முன்னர் இலண்டனில் தொடங்கிற்று. அன்னா தைன் என்னும் மாது 1846இல் கடற்கரையிலிருந்து கற்பவள உயிர்களைக் கொண்டுவந்து, இலண்டனிலுள்ள தமது இல்லத்தில் நெடுங்காலம் உயிரோடு காத்தார். நீரில் காற்றுக் கலப்பதற்காகப் பாத்திரம் விட்டுப் பாத்திரம் ஊற்றி ஆற்றுவதே அவர் கைக்கொண்ட முறை. நம் வீடுகளிலே பாலையும் தேநீரையும் ஆற்றுவது போன்ற செயலே அது. பின்னர் 1853இல் இலண்டன் மிருகக்காட்சிச்சாலையில் பொதுமக்களுக்கான மீன் இல்லம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் பிலிப் ஹென்றி கோஸ் என்னும் இயற்கையியலாளர் இப்பொருள் பற்றி நூல் எழுதி வெளியிட்டதோடு, உப்புக்களைக் கலந்து செயற்கைக் கடல் நீர் ஆக்கும் முறையையும் எடுத்துரைத்தார். கடலுக்குத் தொலைவில் வாழ்வோர்க்கு வழி திறந்தவர்களுள் அவர் ஒருவர்.

சென்னைக் கடற்கரையிலே 1909இல் மீன் காட்சிச்சாலை ஒன்று பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. நம் நாட்டிலோ, அழகுக் கடல் மீன்களைப் பிடித்துப் பிறநாட்டுக்கு அனுப்பும் தொழில் 1930களிலேயே சிறிய அளவில் தோன்றி, 1950களில் விரிந்தது. உலகில் இத்தொழில் முதன்முதல் தோன்றிய இடங்களுள் இலங்கையும் ஒன்று என்பது நம்மிற் பலர் அறியாத செய்தி. தெகிவளை மிருகக்காட்சிச்சாலையிற் பணியாற்றியவரும் சிறந்த சுழியோடியுமான றொட்னி ஜொங்கிளாஸ் இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவர். ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் 1950களில் நம் கடலடியை ஆராய்ந்தபோது உடன் சென்றவரும் அவரே.

எந்த நீரைத் தெரிவது?

இனி எமது முதல் தவறுக்கு வருவோம். வீட்டுத் தொட்டிக்கு நீர் பெறும் வழிகள் மூன்று.

முதலாவது, கடலிலிருந்தே கொணர்வது. செலவில்லாத வழி போலத் தோன்றும் இதுவே கொழும்பில் மிக இடர் வாய்ந்தது. வெள்ளவத்தையிலும் தெகிவளையிலும் நகரின் கால்வாய்கள் கடலிற் கலக்கின்றன. வடக்கே முகத்துவாரத்தில் களனி கங்கை தான் கடந்து வந்த ஊர்களின் அழுக்கையெல்லாம் சுமந்துகொண்டு கடலை அடைகின்றது. மாநகரின் கழிவுநீர், முகத்துவாரத்திலும் வெள்ளவத்தையிலும் கடலடியில் நீண்டு செல்லும் குழாய்களின் வழியே கடலுள் விடப்படுகின்றது. இவ்விரண்டுக்கும் நடுவே துறைமுகமும் அதன் எண்ணெய்ப் படலமும். 2021ஆம் ஆண்டில் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்னும் கப்பல் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றி மூழ்கியபோது, அதிலிருந்த இரசாயனப் பொருள்களும் பிளாஸ்ரிக் மணிகளும் நம் மேற்குக் கரையெங்கும் பரந்ததை யாவரும் அறிவர். பெருமழைக்கு மறுநாள், கால்வாய் வாயிலில் நின்று நாம் மொண்டது கடல் நீர் அன்று; உவர் கலந்த நகரக் கழிவே.

ஆயின் கடல் நீரை எடுக்கவே கூடாதோ எனின், எடுக்கலாம். இடமும் காலமும் அறிந்து எடுத்தல் வேண்டும். மேற்குக் கரையில் தை பிறந்த பின்னர்ச் சித்திரை வரையுள்ள அமைதியான நாள்களே ஏற்றவை. தென்மேற்குப் பருவக்காற்று வீசுங் காலத்தில் நீர் கலங்கியிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆறுகளின் நீர் கலந்து உப்புக் குறையும். ஆற்று வாயிலுக்கும் ஊருக்கும் தொலைவான இடத்தில், இயலுமாயின் மீனவர் படகொன்றிலே சிறிது தூரம் சென்று எடுப்பது நன்று. உலோகக் கலன் ஆகாது. உணவுப் பொருள் வைக்கத்தக்க பிளாஸ்ரிக் கலனே வேண்டும். செம்பு சிறிதளவு கரைந்தாலும் நண்டு, இறால், பவள உயிர்கள் மடிந்துபோகும். கொணர்ந்த நீரைத் துணியால் வடித்து, மூடி, இருட்டில் இரண்டு மூன்று கிழமைகள் வைத்தால், அதிலுள்ள நுண்ணுயிர்கள் மடிந்து வண்டல் அடியிற் படியும். தெளிந்த மேல் நீரை மட்டும் எடுத்து, ஒரு நாள் முழுதும் காற்றுச் செலுத்திய பின்னரே பயன்படுத்தலாம்.

இரண்டாவது வழி, சமையல் உப்பைக் குழாய் நீரிற் கரைப்பது. இதனைப் பலர் எமக்கு அறிவுரையாகக் கூறினர். இது பிழை என்பதை ஆனையிறவிலோ புத்தளத்திலோ உப்பளத்தைக் கண்டவர் எளிதில் உணர்வர். பாத்தியிற் கட்டிய கடல் நீர் வற்ற வற்ற, முதலிற் சுண்ணப் பொருள்களும் பின்னர் ஜிப்சமும் அடியிற் படியும். அதன் பின்னரே உப்புப் பூக்கின்றது. மகனீசியமும் பொற்றாசியமும் எஞ்சிய கசப்பு நீரிலே தங்கிவிட, அந்நீர் புறம்பே வடித்து விடப்படுகின்றது. ஆகவே உப்பளத்து உப்பு என்பது கடலினின்றும் பிரித்தெடுத்த ஒரு பகுதியே. அதனை மீண்டும் நீரிற் கரைத்தாற் கடல் வாராது. அரிசியிலிருந்து தவிட்டை நீக்கிய பின், வெள்ளரிசியை இடித்தால் தவிடு கிடைக்குமோ?

மூன்றாவது வழி, மீன் தொட்டிக்கென்றே எல்லாக் கூறுகளும் அளவறிந்து சேர்க்கப்பட்ட செயற்கைக் கடலுப்பு. விலை மிகுதிதான். ஆயினும் தெமட்டகொடை போன்ற இடத்தில் வாழ்வோர்க்கு நாம் கூறத்தக்க வழி இதுவே. பொதி மீது குறித்தபடி ஒரு லீற்றர் நீருக்கு 35 முதல் 38 கிராம் வரை தேவைப்படும்.

இங்கே நன்னீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொழும்பின் குழாய் நீர் 1886 முதல் லபுகம நீர்த்தேக்கத்திலிருந்து வருவது. பின்னர்க் கலட்டுவாவை நீரும், அம்பத்தலையிற் சுத்திகரிக்கப்படும் களனி கங்கை நீரும் சேர்ந்தன. நாம் குடிப்பதற்கு உகந்த அந்நீரிற் கிருமிகளைக் கொல்லக் குளோரீன் சேர்க்கப்படுகின்றது. நமக்கு நன்மையான குளோரீன் மீனின் பூவை எரிக்கும். அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள், இரண்டு நாள் வெயிலில் வைத்தாற் குளோரீன் அகலும். அவசரமாயின், முன்னாளிற் புகைப்படம் கழுவுவோர் ஐப்போ என வழங்கிய சோடியந் தயோசல்பேற்று 100 லீற்றருக்கு ஒரு கிராமுக்கு மேற்படாமல் இட்டாற் போதும். யாழ்ப்பாணத்து வாசகர்கள் கிணற்று நீரைப் பயன்படுத்துமுன் சோதித்தல் நன்று. அங்கே பல கிணறுகளில் உரத்தினின்றும் இறங்கிய நைத்திரேற்று மிகுதியாக உண்டு.

தொட்டியின் அளவு

சிறிய தொட்டி எளிது என்று எண்ணுவதும் ஒரு மயக்கமே. கடலின் பெருமை அதன் பரப்பில் உள்ளது. ஒரு மீன் இறந்தாலும் அங்கே ஒன்றும் மாறாது. தொட்டி எவ்வளவு பெரிதோ, அவ்வளவுக்கு மாற்றம் மெல்ல நிகழும். நமக்கும் பிழையைத் திருத்தக் காலம் கிடைக்கும். மூன்றடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உடைய தொட்டி ஏறத்தாழ 160 லீற்றர் கொள்ளும். மணலும் கல்லும் இட்டபின் 140 லீற்றர் நீர் நிரப்பலாம். இதற்கு வேண்டிய உப்பு ஐந்து கிலோ அளவில் ஆகும்.

நீர், கண்ணாடி, மணல் யாவும் சேர்ந்து நிறை 200 கிலோவை எட்டும். மூன்று பெரியவர்கள் ஒரே இடத்தில் இரவும் பகலும் நிற்பதற்கு இது ஒப்பாகும். மாடிக் குடியிருப்புகளில் வாழ்வோர் தளத்தின் நடுவே வைக்காது, உறுதியான சுவரோரமாக, நல்ல தாங்கி மீது வைத்தல் வேண்டும். முன்னாளில் இரும்புச் சட்டமிட்டுக் கண்ணாடி பதித்த தொட்டிகள் இருந்தன. உப்பு நீர் அச்சட்டத்தை அரித்துவிடும். இப்போது சிலிக்கன் பசையால் ஒட்டிய முழுக் கண்ணாடித் தொட்டிகள் கிடைக்கின்றன. வெயில் நேரே படும் யன்னலருகில் வைத்தலாகாது. நீர் சூடேறும், பாசியும் படரும்.

கண்ணுக்குப் புலப்படாத வேலையாட்கள்

எமது இரண்டாம் தவறு இதனினும் பெரிது. தூய கடல் நீரையே கொணர்ந்திருந்தாலும் அம்மூன்று மீன்களும் பிழைத்திருப்பது அரிது என்பதை இப்போது அறிவோம்.

மீன் தன் பூக்களின் வழியாக அமோனியாவை வெளியேற்றுகின்றது. உண்ணாத உணவு அழுகினாலும் அமோனியாவே தோன்றும். இது கொடிய நஞ்சு. கடல் நீர் இயல்பாகவே காரத்தன்மை உடையது, அதன் பி.எச். பெறுமானம் 8.2 அளவில் இருக்கும். இத்தகைய நீரில் அமோனியாவின் நச்சுவடிவம், நடுநிலையான நன்னீரில் இருப்பதைப் போல் ஏறத்தாழப் பத்து மடங்காகும். நன்னீர் மீன் வளர்த்துப் பழகியவர்களும் கடல் தொட்டியில் தோல்வியுறுவதற்கு இது ஒரு காரணம்.

கடலில் இந்நஞ்சை அகற்றுவோர் யாவர்? கண்ணுக்குப் புலப்படாத பற்றீரியாக்களே. ஒரு வகையின அமோனியாவை நைத்திரைற்று ஆக்கும்; மற்றொரு வகையின நைத்திரைற்றைத் தீங்கு குறைந்த நைத்திரேற்று ஆக்கும். 1890ஆம் ஆண்டளவில் செர்கேய் வினோகிராட்ஸ்கி என்னும் இரசிய விஞ்ஞானி இவற்றைப் பிரித்தெடுத்து இவ்வுண்மையை விளக்கினார். இவை மணலிலும் கல்லிலும் வடிகட்டியிலும் ஒட்டி வாழ்வன, விரைந்து பெருகா. புதிய தொட்டியில் இவை போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு கிழமைகள் செல்லும்.

ஆதலின் தொட்டியை நிரப்பிய அன்றே மீனை விடுதல், சுவர் எழுப்பாத வீட்டிற் குடிபுகுவது போன்றதாகும். செய்ய வேண்டியது இது: உப்பு நீரை நிரப்பி, காற்றுப் பம்பியையும் வடிகட்டியையும் இயக்கிவிட்டு, சிறு இறால் துண்டு ஒன்றை உள்ளே இட்டுவிடுக. அது அழுகி அமோனியா தோன்றும். அதனை உண்ணும் பற்றீரியாக்களும் தோன்றும். மீன் வளர்ப்புப் பொருள் விற்கும் கடைகளில் அமோனியா, நைத்திரைற்று ஆகியவற்றைச் சோதிக்கும் துளிமருந்துகள் கிடைக்கும். இரண்டும் ஏறி, பின்னர் இறங்கி, சுழியம் காட்டும் நாளே மீன் விடத்தக்க நாள்.

இரண்டாம் முறை நாம் முப்பத்தெட்டு நாள் காத்திருந்தோம். வெறுந்தொட்டி ஒன்றை விளக்கேற்றி வைத்துக்கொண்டு, நாள்தோறும் நீரைச் சோதித்துக் கொப்பியிற் குறித்து வந்த எம்மைக் கண்டு விருந்தினர் நகைத்தனர். மகனோ அக்கொப்பியைத் தன் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துச் சென்று வரைபடமாக வரைந்தான். ஒரு மலை ஏறி இறங்க, அதன் பின்னே மற்றொரு மலை ஏறி இறங்குவதுபோல அவ்வரைபடம் அமைந்தது.

இத்துறையில் நம் ஆசியாவைச் சேர்ந்த ஒருவரையும் நினைவுகூர வேண்டும். இந்தோனேசியாவிலே வாழ்ந்த லீ சின் எங் என்பவர், கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறையையும் சிறிதளவு காற்றுக் குமிழிகளையுமே கொண்டு பவளங்களைச் செழிக்கச் செய்து, 1961இல் அம்முறையை உலகுக்கு எடுத்துரைத்தார். பாறையில் ஒட்டிய நுண்ணுயிர்களே நீரைத் தூய்மை செய்தன. பொறிகளை நம்பியிருந்தோர் இயற்கையை நோக்கத் தொடங்கியது அதன் பின்னரே. ஆயினும் நம் நாட்டில் உயிருள்ள பவளத்தைப் பெயர்த்தெடுப்பது சட்டத்தால் தடுக்கப்பட்டது. ஒருபோதும் அதனைச் செய்தலாகாது. நுண்துளை மிகுந்த சுண்ணாம்புக் கற்களை நன்கு கழுவி இட்டால், அவற்றிலேயே பற்றீரியாக்கள் குடியேறிவிடும்.

வெப்பமும் ஆவியும்

குளிர்நாட்டு நூல்கள் நீரைச் சூடாக்கும் கருவி பற்றி விரிவாகக் கூறும். கொழும்பில் நமக்குள்ள கவலை அதற்கு மாறானது. பெரும்பாலான பவளப்பாறை மீன்களுக்கு 25 முதல் 28 பாகை செல்சியஸ் வரை ஏற்றது. சித்திரை மாதத்து அறை வெப்பமோ 30 பாகையைத் தாண்டும். நீர் சூடேறும்போது அதிற் கரையும் ஒட்சிசன் குறையும். 28 பாகையில் நன்னீர் கொள்ளும் ஒட்சிசனிலும் கடல் நீர் கொள்வது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இதனாலேதான் காற்றுப் பம்பி ஒரு நாழிகையும் நிற்றலாகாது. மின்சாரம் தடைப்படும் வேளைக்கு மின்கலத்தில் இயங்கும் சிறு பம்பி ஒன்றைக் கைவசம் வைத்தல் நன்று. 2022ஆம் ஆண்டில் நாளுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு நிகழ்ந்தபோது எத்தனை தொட்டிகள் வெறுமையாயின என்பதை மீன் வளர்ப்போர் மறவார். தொட்டியின் மேற்பரப்பில் மின்விசிறிக் காற்றுப் படச் செய்தால் நீர் இரண்டு பாகை வரை குளிரும்.

ஆனால் விசிறி நீரை ஆவியாக்கும். இங்கே புதியவர் செய்யும் பிழை ஒன்று உண்டு. குறைந்த நீருக்கு ஈடாகக் கடல் நீரை ஊற்றுவர். ஆவியாய்ப் போவது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கும். நீர்மட்டம் ஓர் அங்குலம் தாழ்ந்தால், லீற்றருக்கு 35 கிராம் இருந்த உப்பு 37 ஆகிவிடும். ஆகவே நாள்தோறும் ஈடு செய்ய வேண்டியது குளோரீன் நீங்கிய நன்னீரையே. தொட்டிக் கண்ணாடியில் ஒரு கோடு இட்டு, காலையில் அக்கோடு வரை நன்னீர் வார்ப்பது எம் வீட்டில் மகனுக்குரிய கடமை. நீரின் ஒப்படர்த்தியை மிதக்கும் நீரமானியால் கிழமைக்கு ஒருமுறை நோக்கி, 1.023க்கும் 1.026க்கும் இடையில் வைத்துக்கொள்கின்றோம். மாதம் ஒருமுறை 20 லீற்றர் பழைய நீரை நீக்கி, முதல் நாளே கரைத்து வைத்த புதிய உப்பு நீரை விடுகின்றோம். பற்றீரியாக்களால் அகற்றப்படாது எஞ்சும் நைத்திரேற்று இவ்வாறே குறையும்.

எந்த மீனை வளர்ப்பது?

அழகைக் கண்டு வாங்குதல் கூடாது. அதன் உணவை அறிந்தே வாங்குதல் வேண்டும். வண்ணத்துப்பூச்சி மீன்களுட் பல பவள உயிர்களையன்றி வேறொன்றையும் உண்ணா. அவற்றை வாங்குவது பட்டினியால் மாயச் செய்வதற்கே. சிங்க மீனின் முட்களில் நஞ்சு உண்டு; பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஆகாது. தொடங்குவோர்க்கு ஏற்றவை கோமாளி மீன்கள். 140 லீற்றருக்கு ஓர் இணை போதும். மேலும் ஒன்றிரண்டு சிறு மீன்களோடு நிறுத்திக்கொள்க. நாளுக்கு இருமுறை, இரண்டு நிமிடத்தில் உண்டு முடிக்கும் அளவே உணவு. அன்புமிகுதியால் இட்ட உணவே எமது முதல் மூன்று மீன்களுக்கும் நஞ்சாயிற்று.

கோமாளி மீன் மாணவர்களுக்கு நல்ல பாடப்பொருளும் ஆகும். அவை யாவும் முதலில் ஆணாகவே வளர்வன. கூட்டத்திற் பெரியதே பெண்ணாக மாறும். அப்பெண் இறந்தால் அடுத்த பெரிய ஆண் பெண்ணாகிவிடும். முட்டைகளைக் காத்து விசிறுவது பெரும்பாலும் தந்தையின் வேலை. பாக்கு நீரிணைக்கு அப்பால் மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் உயராய்வு மையமும் இம்மீன்களைத் தொட்டியிலேயே முட்டையிடச் செய்து குஞ்சுகளை வளர்த்துக் காட்டியுள்ளன.

இச்செய்தியை நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. தொட்டியிற் பிறந்த மீனை வாங்கினால் பவளப்பாறையில் ஓர் உயிர் குறையாது. 1998ஆம் ஆண்டிற் கடல் வெப்பம் மிகுந்தபோது இக்கடுவை முதலிய இடங்களில் நம் பவளங்கள் வெளிறி மடிந்தன. அவ்விழப்பு இன்னும் முற்றாக ஈடாகவில்லை. பிலிப்பைன்ஸ் நாட்டில் 1960களிலிருந்து சயனைட்டு நஞ்சைப் பீய்ச்சி மீன்களை மயக்கிப் பிடிக்கும் கொடிய வழக்கமும் பரவிற்று. நம் நாட்டுச் சுழியோடிகள் வலையாலேயே பிடிப்பர். அவர்தம் பிழைப்பையும் நாம் மதிக்கின்றோம். அழகு மீன்கள் சிலவற்றின் ஏற்றுமதியை 1998இல் அரசாங்கம் விதிகளால் தடுத்துள்ளது. விதி தடுப்பது சிலவற்றையே. எஞ்சியவற்றை நம் மனம் காக்க வேண்டும். மீன் எங்கே பிறந்தது, எவ்வாறு பிடிபட்டது என்று கடையிற் கேளுங்கள். கேட்பவர் பெருகினால் விற்பவரும் அறிந்து விற்பர்.

விடை

எமது இரண்டாம் தொட்டியிலுள்ள கோமாளி மீன்கள் இரண்டும் பதினான்கு மாதங்களாக நலமே வாழ்கின்றன. அண்மையில் அயல் வீட்டுச் சிறுவன் ஒருவன் வந்து, தனக்கும் இதுபோல் ஒன்று வேண்டும், எந்தக் கடையில் மீன் வாங்கலாம் என்று எம் மகனிடம் கேட்டான். "மீனைப் பிறகு பாக்கலாம். முதல்ல தண்ணியை வளர்க்கவேணும்" என்றான் அவன்.

ஈராண்டுக்கு முன் தான் கேட்ட வினாவுக்கு அவனே கண்ட விடை அது. கடல் மீன் வாழ்வது கடல் நீரில் மட்டுமன்று. அந்நீரில் ஓயாது உழைக்கும் கோடானுகோடி நுண்ணுயிர்களின் தயவிலே. அவ்வுழைப்பைக் கலன்களிலே மொண்டு வர இயலாது. காத்திருந்தே பெறவேண்டும்.

தொட்டி வைக்க விரும்பும் மாணவர்கள் இன்றே மீன் வாங்கச் செல்ல வேண்டாம். ஒரு கொப்பியும் ஒரு நீரமானியும் வாங்குங்கள். ஒரு வாளியில் உப்பு நீரைக் கரைத்து, ஒரு கிழமை அளந்து பாருங்கள். அவ்வளவுக்குப் பொறுமை உண்டெனின், உங்கள் வீட்டிலும் ஒரு சிறு கடல் உயிர்பெறும்.